கழிக்க மறந்த இரண்டு

அத்தியாயம் 6

மதியம் மூன்று இருபதுக்கு மயில்கண் நிட்வேர் கம்பெனியின் மாடிப்படி ஏறியபோது தமிழ்மதியின் கையில் மூன்று பொருள்கள் இருந்தன. ஒரு நோட்டு, ஒரு பேனா, கம்ப்யூட்டர் நெட்வொர்க் மாலை வகுப்பில் பத்துக்கு மூன்று மதிப்பெண் வாங்கிய ஒரு மாதிரித் தேர்வுத் தாள். முதல் இரண்டும் துப்பறிவதற்கு. மூன்றாவது, தான் எப்படிப்பட்ட துப்பறிவாளர் என்பதை அவ்வப்போது நினைவுபடுத்திக்கொள்வதற்கு.

பின்னால் மூச்சு வாங்கியபடி வந்தவள் மருதாள். இருபத்திரண்டு வருடம் பனியன் கம்பெனிகளில் செக்கிங் டேபிளில் நின்று துணியில் ஓட்டை தேடியவள். இப்போது தமிழ்மதியின் துப்பறியும் நிறுவனத்தில் உதவியாளர். நிறுவனம் என்றால் பல்லடம் ரோட்டில் ஒரு ஜிப், பட்டன் கடைக்கு மேலே ஓர் அறை. வரும் வேலைகளில் முக்கால்வாசி, மாப்பிள்ளை குடிக்கிறாரா என்று பார்த்துச் சொல்வது. குடிக்கிறார் என்று எழுதிக் கொடுத்தால் இரண்டு வீட்டாரும் சேர்ந்து தமிழ்மதியைத் திட்டுவார்கள்.

"ஞாயித்துக்கெழம பரீட்சையில எழுத வேண்டியத வெள்ளிக்கெழமையே இங்க எழுதிப் பாக்கலாம். அம்மிணிக்கு நல்ல நேரம்தான்," என்றாள் மருதாள்.

"பரீட்சையில தப்பா எழுதுனா என்ற மார்க்குத்தான் போகும், அக்கா. இங்க தப்பா எழுதுனா பூங்குழலிக்கு வேலை போயிரும்."

விஷயம் இதுதான். ஆர்டர் கொடுக்கும் ஜெர்மனி பையர் ஒருவர் அடுத்த கோடைக்கான குழந்தைகள் பனியனுக்கு அனுப்பிய டிசைன், தைக்கத் தொடங்கும் முன்பே இன்னொரு கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. வெளியே விட்டவர் பெயரை ஐந்து மணிக்குள் சொல்லாவிட்டால் ஆர்டர் ரத்து என்று பையர் எழுதிவிட்டார். முதலாளி செந்தில்வேலுக்குப் பெயர் உடனே கிடைத்துவிட்டது. பேக்கிங் செக்ஷனில் பார்கோடு அடிக்கும் பூங்குழலி. காலை ஷிப்ட் தொடங்கும்போதே அவளை எல்லார் முன்னாலும் பேக்கிங் சுவரோரம் நிறுத்திப் போட்டோ எடுத்தாயிற்று. ஐந்து மணிக்கு அந்தப் போட்டோ முதலாளிகளின் வாட்ஸ்அப் குரூப்பில் விழும். அதில் விழுந்த முகத்துக்கு அவிநாசியிலிருந்து பல்லடம் வரை எந்தக் கம்பெனியின் கேட்டும் திறக்காது.

பெயரோடு வெளியாள் ஒருவரின் விசாரணை அறிக்கையும் வேண்டும் என்று பையர் கேட்டிருந்தார். அதனால்தான் தமிழ்மதி. விசாரிப்பதற்கு அல்ல, கையெழுத்துப் போடுவதற்கு.

முதலாளியின் அறையில் ஏசி ஊரையே குளிர்விக்கும் தீவிரத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. செந்தில்வேல் நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

"உக்காருங்கம்மா. பெரிய வேலை ஒண்ணுமில்லீங்க. எல்லாம் என்ற மச்சினன் கண்டுபிடிச்சு வெச்சுட்டான். நீங்க பாத்துட்டு எழுதிக் குடுத்தாப் போதும்."

மச்சினன் பிரபாகர் கம்பெனியின் மேனேஜர். அக்கா வீட்டுக்காரர் முதலாளி என்பதைத் தவிர அந்தப் பதவிக்கு வேறு தகுதி வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. இஸ்திரி கலையாத சட்டை, இஸ்திரி கலையாத முகம். ஒரு தாளை மேஜையில் வைத்தார். கம்பெனியின் கம்ப்யூட்டர்களை ஒன்றாக இணைக்கும் பெட்டியிலிருந்து எடுத்த பதிவு என்றார். அதில் ஒரே ஒரு வரி மஞ்சள் பூசியிருந்தது. செவ்வாய்க்கிழமை காலை 11.40. டிசைன் பைல் வெளியே போனது. அனுப்பிய கம்ப்யூட்டரின் முகவரி: 192.168.10.47.

"இந்தப் பெட்டிய நான் பாக்கலாங்களா?"

"எரிஞ்சு போச்சுங்க. புதன்கெழம மின்னல் விழுந்துச்சு. நல்லவேளை, அதுக்கு மொதல் நாளே இந்தத் தாள எடுத்து வெச்சேன்."

"வேற எது எரிஞ்சுதுங்க?" என்றாள் மருதாள்.

"வேற எதுவும் இல்லீங்க."

"ரொம்ப ஒழுக்கமான மின்னலுங்க. மாடி ஏறி, கதவத் தொறந்து, அந்தப் பெட்டிய மட்டும் கேட்டு வாங்கிட்டுப் போயிருக்குது."

செந்தில்வேல் இருமினார். தமிழ்மதி அவசரமாகக் கேட்டாள்.

"நாப்பத்தேழுன்னா பேக்கிங்னு எப்படிங்க சொல்றீங்க?"

பிரபாகருக்குப் பிடித்த கேள்வி. விரல் விட்டு எண்ணினார். "ஆபீஸ் ஒண்ணு, கணக்கு ரெண்டு, சாம்பிள் ரூம் மூணு, பேக்கிங் நாலு. செக்ஷனுக்கு ஒரு டஜன் நம்பருங்க. முப்பத்தேழுல ஆரம்பிச்சு நாப்பத்தெட்டு வரைக்கும் நாலாவது டஜன். பேக்கிங்ல இருக்கறது ஒரே கம்ப்யூட்டர். அதுல உக்கார்றது ஒரே பொண்ணு."

"டஜன்னு யாருங்க சொன்னது?"

"நெட்வொர்க் போட்ட இன்ஜினியர். அவரு இப்ப துபாய்ல இருக்காருங்க."

செந்தில்வேல் தலையாட்டினார். பனியனும் டஜன், ஜட்டியும் டஜன், அட்டைப்பெட்டிக்குள் போவதும் டஜன். கம்ப்யூட்டர் மட்டும் வேறு எதில் எண்ணப்போகிறது? திருப்பூரில் பிறந்த எவருக்கும் அதில் சந்தேகம் வராது. தமிழ்மதிக்கும் வரவில்லை. அவள் நோட்டில் 'செக்ஷனுக்கு 12' என்று எழுதி அடிக்கோடிட்டாள்.

பேக்கிங் செக்ஷனில் பூங்குழலி கம்ப்யூட்டர் முன் கைகட்டி நின்றிருந்தாள். உட்காரக்கூடாது என்று உத்தரவாம். வயது இருபத்தாறு இருக்கும். குண்டடம் பக்கமிருந்து கம்பெனி வேனில் தினமும் வருகிறவள். காலையிலிருந்து அழுது முடித்து, இப்போது கோபத்துக்கு வந்திருந்தாள்.

"எனக்கு பார்கோடு அடிக்கத்தானுங்க தெரியும். டிசைன் எந்தப் பக்கம் மேல, எந்தப் பக்கம் கீழன்னுகூடத் தெரியாது. அஞ்சு மணிக்கு அந்தப் படம் போச்சுன்னா நான் எங்கீங்க போறது? திரும்பவும் வெங்காயம் பறிக்கத்தானுங்க போகணும்."

"அழுகாத கண்ணு," என்றாள் மருதாள். "எங்க அம்மிணி பத்துக்கு மூணு மார்க்கு. தைரியமா இரு."

தமிழ்மதி அதைக் காதில் வாங்காமல் விசைப்பலகையில் ஒரு கட்டளையைத் தட்டினாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன. இந்தக் கம்ப்யூட்டரின் முகவரி 192.168.10.50. கீழே இன்னொரு வரி: 255.255.255.240.

ஐம்பது. பிரபாகரின் டஜன் கணக்கில் ஐம்பது என்றால் ஐந்தாவது செக்ஷன். இந்தக் கம்பெனியில் ஐந்தாவது செக்ஷனே கிடையாது.

தமிழ்மதிக்குத் தன் மேல்தான் முதலில் சந்தேகம் வந்தது. தப்பாகப் படித்திருப்பாள். மறுபடி தட்டினாள். ஐம்பதுதான். அப்போதுதான் அந்த 240 மண்டையில் உறைத்தது. மூன்று வாரமாக மாலை வகுப்பில் அவள் உயிரை வாங்கும் எண். சப்நெட்டிங். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் வகுப்பு நடத்தும் முருகேஷ் சார், புரியாதவர்களுக்காக அதை, ஒரே காம்பவுண்டுக்குள் ஒட்டி ஒட்டிக் கட்டிய லைன் வீட்டுக் கணக்காக மாற்றிச் சொல்லியிருந்தார். ஒரு வீதியில் பூஜ்யத்திலிருந்து 255 வரை 256 கதவெண்கள். அதைக் காம்பவுண்டு காம்பவுண்டாகப் பிரிக்கிறோம். ஒரு காம்பவுண்டில் எத்தனை கதவு என்று தெரிய, 256 இலிருந்து அந்தக் கடைசி எண்ணைக் கழி.

256 கழித்தல் 240. பதினாறு.

"அக்கா, டஜன் இல்ல. பதினாறு பதினாறாப் பிரிச்சிருக்காங்க. பூஜ்யத்துல இருந்து பதினஞ்சு வரைக்கும் ஆபீஸ். பதினாறுல இருந்து முப்பத்தொண்ணு கணக்கு. முப்பத்திரண்டுல இருந்து நாப்பத்தேழு சாம்பிள் ரூம். நாப்பத்தெட்டுல இருந்து அறுபத்துமூணு பேக்கிங். இவ அம்பது. சரியா நாலாவது காம்பவுண்டு."

"பதினாறா? எந்த ஊர்லீங்க அம்மிணி பதினாறு பீஸ் ஒரு கட்டு?"

"கம்ப்யூட்டர் ஊர்ல. அங்க டஜனே கெடையாது."

"அப்ப அந்த ஊருல செக்கிங் வேலைக்குப் போக மாட்டேன்."

"நாப்பத்தேழு பேக்கிங் இல்ல. சாம்பிள் ரூம்."

பூங்குழலி முதல்முறையாகக் கையை அவிழ்த்தாள். மணி நான்கு அடிக்கப் பத்து நிமிடம்.

பையருக்கு அனுப்பும் மாதிரி உடுப்புகளைத் தைக்கும் சாம்பிள் ரூமின் பொறுப்பாளர் நிர்மலா, தோளில் அளவு டேப் தொங்க, வந்தவர்களை ஏற இறங்கப் பார்த்தாள். பாதி தைத்த ஒரு குட்டிச் சட்டையைக் கீழே வைத்தாள்.

"பூங்குழலி முடிஞ்சு இப்ப என்ற முறையாங்க? போட்டோவுக்கு எந்தச் சுவத்துல நிக்கணும்? பவுடர் போட்டுட்டு வரட்டுங்களா?"

"கம்ப்யூட்டர மட்டும் பாத்துட்டுப் போயிர்றோமுங்க."

"தாராளமாப் பாருங்க. எங்ககிட்ட இருக்கறது ரெண்டு. ஒண்ணு ஓடும். இன்னொண்ணு பூஜைக்கு."

தமிழ்மதி இரண்டையும் திறந்து பார்த்தாள். ஓடுவது 34. பூஜைக்கு இருப்பது 35. நாற்பத்தேழு எங்கும் இல்லை. மேஜைக்கடியில் பார்த்தாள். அலமாரிக்குப் பின்னால் பார்த்தாள். ஒரு தையல் மிஷினைக்கூடச் சந்தேகத்தோடு பார்த்தாள்.

"கெடைச்சுதுங்களா?" என்றாள் நிர்மலா. "கெடைச்சா எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க. மூணாவதா ஒரு கம்ப்யூட்டர் கேட்டு ஒரு வருஷமாச்சு."

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் தமிழ்மதி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கணக்கு தப்பு. எப்போதும் போல எங்கேயோ தப்பு. மாதிரித் தேர்வுத் தாளை எடுத்து மடியில் விரித்தாள். ஏழு சிவப்புப் பெருக்கல் குறிகள். ஏழாவது கேள்வியில் முருகேஷ் சார் ஒரு காம்பவுண்டில் எத்தனை பேர் குடியிருக்கலாம் என்று கேட்டிருந்தார். அவள் பதினாறு என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் சாரின் சிவப்பு எழுத்து: 'ஆறாவது முறை. இரண்டைக் கழிக்க மறக்காதே.'

அவள் அப்படியே அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு அம்மிணி? மறுபடியும் பெயிலா?"

"அக்கா, நீங்க லைன் ஊட்டுலதான இருக்கீங்க?"

"பத்து வருஷமா."

"காம்பவுண்டுல பதினாறு நம்பர் இருக்குதுன்னு வெச்சுக்குங்க. மொத நம்பர் யாருக்கும் கெடையாது. அது காம்பவுண்டோட பேர்ப் பலகை. கடைசி நம்பரும் யாருக்கும் கெடையாது. 'தண்ணி வந்திருச்சு'ன்னு ஒருத்தர் கத்துனா பதினாலு ஊட்டுக்கும் ஒரே நேரத்துல கேக்கணும். அந்தக் கத்தலுக்கு ஒதுக்கி வெச்ச நம்பர் அது. அதுல யாரும் குடியிருக்க முடியாது."

"சரி."

"சாம்பிள் ரூம் காம்பவுண்டு முப்பத்திரண்டுல இருந்து நாப்பத்தேழு. கடைசி நம்பர் என்ன?"

மருதாள் விரல் மடக்காமலே சொன்னாள். "நாப்பத்தேழு."

"இந்தக் கம்பெனியில நாப்பத்தேழாம் நம்பர்ல எந்தக் கம்ப்யூட்டரும் இருக்க முடியாது. பூங்குழலியும் இல்ல, நிர்மலாவும் இல்ல. யாரும் இல்ல. அந்தத் தாளே பொய்."

பொய் என்று தெரிந்ததும் வழக்கம்போல அடுத்த சந்தேகம் வந்தது. பொய்யை எழுதியவர் டஜனில் எண்ணுகிறவர். திருப்பூரில் டஜனில் எண்ணாதவர் யார்? முதலாளி எண்ணுகிறார், வேன் டிரைவர் எண்ணுகிறார், மருதாள் எண்ணுகிறாள். பிரபாகர், 'பெட்டி குடுத்தத நான் எடுத்தேன், பெட்டி கெட்டுப்போயிருந்துதோ என்னவோ' என்று கையை விரித்துவிட்டால்? மாலை வகுப்பில் பத்துக்கு மூன்று வாங்கியவளின் பேச்சை யார் கேட்பார்கள்?

"ஏன் நாப்பத்தேழு?" என்றாள் தனக்குத்தானே. "முப்பத்தேழுன்னு போட்டிருக்கலாம். நாப்பதுன்னு போட்டிருக்கலாம்."

மருதாள் சிரித்தாள். "இதுக்குப் பரீட்சை எழுதணுமா அம்மிணி? அவரு கணக்குல நாப்பத்தேழுங்கறது டஜன்ல பதினொண்ணாவது பீஸ். ஓட்டை விழுந்த கொறைப் பீஸ எங்க வெப்பாங்க? மேலயா வெப்பாங்க? அடியில வெப்பாங்க. எண்ணறவன் மேல நாலு தொட்டுப் பாத்துட்டு விட்டுருவான். இருபத்திரண்டு வருஷமா நான் ஒவ்வொரு கட்டையும் அடியில இருந்துதான் பிரிப்பேன். பதினொண்ணு, பன்னெண்டு. பொய் எப்பவும் அங்கதான் படுத்திருக்கும்."

"பன்னெண்டாவது," என்றாள் தமிழ்மதி மெதுவாக. பேனாவை மூடினாள். "வாங்கக்கா. அவர்கிட்ட இன்னொரு பீஸ் கேக்கலாம்."

நான்கரை மணிக்கு முதலாளி அறையில் அவள் முகத்தை முடிந்த அளவு வருத்தமாக வைத்துக்கொண்டாள். அது கஷ்டமாக இல்லை. வழக்கமான முகம்தான்.

"அறிக்கை எழுதிட்டேனுங்க. ஒரே ஒரு சிக்கல். பதிவுல ஒரு வரிதான் இருக்குது. வெளிநாட்டுக்காரங்க ஒரு வரிய நம்ப மாட்டாங்க. அதே பேக்கிங் செக்ஷன்ல இருந்து இன்னொரு தடவை போனதா ஒரு பதிவு இருந்தா அசைக்க முடியாது. அந்தத் தாளுக்கு ரெண்டாவது பக்கம் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

செந்தில்வேல் மச்சினனைப் பார்த்தார். பிரபாகர் நெற்றியைத் தடவினார். ஒரு மனிதன் நினைவைத் தேடுவதுபோல் நடிப்பதை அவ்வளவு அருகிலிருந்து தமிழ்மதி பார்த்ததில்லை.

"இருந்துதுங்க. ஆமா, இருந்துச்சு. என்ற டிராயர்ல வெச்ச ஞாபகம். எடுத்துட்டு வாரேனுங்க."

"பொறுமையாத் தேடுங்க சாமி," என்றாள் மருதாள். "கெடைக்காமப் போயிரப் போவுது."

பன்னிரண்டு நிமிடத்தில் கிடைத்துவிட்டது. பிரபாகர் தாளை நீட்டினார். மருதாள் முந்திக்கொண்டு வாங்கினாள். கண்ணுக்கு எட்டும் தூரத்தில் பிடித்து எழுத்தைப் பார்க்கவில்லை. துணியைத் தொட்டுப் பார்ப்பதுபோல் இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தாள். பிறகு கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ஏனுங்க, செவ்வாய்க்கெழம எடுத்த தாளுங்களா இது?"

"ஆமாங்க."

"இந்த ஏசியில மூணு நாளா டிராயருக்குள்ள கெடந்து, இன்னும் அடுப்புல இருந்து எறக்குன தோசையாட்டம் சுடுதே. மொதலாளி, நீங்களும் தொட்டுப் பாருங்க. சூடு ஆறவே இல்ல."

செந்தில்வேல் தொட்டார். கையை எடுக்கவில்லை.

"புதன்கெழம எரிஞ்ச பெட்டி, வெள்ளிக்கெழம நாலே முக்காலுக்குத் தாள் அடிச்சுக் குடுத்திருக்குது," என்றாள் மருதாள். "நல்ல கம்பெனிப் பெட்டி. எங்க வாங்குனீங்க?"

"மாமா, அது பிரிண்டர் பக்கத்துல இருந்துது, அதான் சூடு..." என்று தொடங்கினார் பிரபாகர்.

தமிழ்மதி தாளை வாங்கிப் படித்தாள். பயந்துகொண்டேதான் படித்தாள். திங்கட்கிழமை, மதியம் 3.15. முகவரி 192.168.10.48.

பயம் போய்விட்டது.

"சார், இந்தக் கம்பெனியில நெட்வொர்க்க டஜனாப் பிரிக்கல. பதினாறாப் பிரிச்சிருக்காங்க. எந்தக் கம்ப்யூட்டர்ல வேணும்னாலும் நீங்களே பாத்துக்கலாம், எழுதியிருக்குது. அந்தக் கணக்குல ஒவ்வொரு கட்டுலயும் மொத நம்பரும் கடைசி நம்பரும் யாருக்கும் குடுக்க முடியாது. நாப்பத்தேழு மூணாவது கட்டோட கடைசி. நாப்பத்தெட்டு நாலாவது கட்டோட மொத. இருநூத்தி அம்பத்தாறு நம்பர்ல யாருக்கும் சொந்தமில்லாத நம்பரா ரெண்டு எடத்துல தேடி எடுத்திருக்காரு உங்க மச்சினர். பெட்டி இந்தத் தப்பப் பண்ணாது. டஜன்ல எண்ணற ஆளுதான் பண்ணுவாரு. அதுவும் இப்ப, பன்னெண்டு நிமிஷத்துக்குள்ள."

செந்தில்வேல் மச்சினனிடம் கத்தவில்லை. ரொம்பத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"யாருக்குடா குடுத்த?"

பிரபாகரின் முகத்தில் அன்று முதல்முறையாக இஸ்திரி கலைந்தது. "சோமனூர்ல ஒரு பிரெண்டோட சேந்து... சின்னதா ஒரு யூனிட் மாமா. சொந்தமா ஏதாவது பண்ணலாம்னு."

"சொந்தமா," என்றார் செந்தில்வேல்.

மணி நான்கு ஐம்பத்திரண்டு. மேஜை மேல் அவருடைய போன் திறந்தே கிடந்தது. குரூப்பில் அனுப்பத் தயாராகத் தட்டச்சு செய்த வரிகள். அதன் மேல் சுவரோரம் நிற்கும் பூங்குழலியின் படம். அவர் அதை அழித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"அம்மிணி, ஒண்ணு பண்ணலாங்களா. பெட்டி கோளாறுல பைல் தானாப் போயிருச்சுன்னு எழுதிருங்க. அந்தப் புள்ளைக்கும் பிரச்சினை இல்ல, ஊட்டுலயும் பிரச்சினை இல்ல."

தமிழ்மதி பேனாவைத் திறந்தாள். எழுதினால் பூங்குழலி தப்பிவிடுவாள். எழுதாமல் முதலாளி வீட்டு ஆளின் பெயரையே சொன்னால், பையர் மிரண்டு ஆர்டர் போய் முன்னூறு பேருக்கு வேலை போகலாம். எந்தப் பக்கம் கழித்தாலும் ஏதோ மிச்சம் நின்றது.

கதவருகிலிருந்து குரல் வந்தது. பூங்குழலி எப்போது வந்து நின்றாள் என்று யாருக்கும் தெரியாது.

"காலையில எல்லாரும் பாக்க என்னையத்தானுங்க நிக்க வெச்சீங்க. பெட்டிய நிக்க வெக்கல. இப்பப் பெட்டின்னு சொன்னா, முதலாளி பாவம் பாத்து விட்டுட்டாருன்னுதானுங்க ஊரு சொல்லும்." அவள் பிரபாகரைப் பார்த்தாள். "அந்தச் சுவத்துல இன்னும் எடம் இருக்குதுங்க."

செந்தில்வேலின் போன் அடித்தது. திரையில் மனைவியின் பெயர். பிரபாகரின் அக்கா. அறையிலிருந்த ஐந்து பேரும் அதைப் பார்த்தார்கள். நான்கு முறை அடிக்கும் வரை அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவதில் துண்டித்துவிட்டு எழுந்தார்.

"வாடா," என்றார்.

பேக்கிங் செக்ஷனில் மடித்துக்கொண்டிருந்த கைகள் ஒவ்வொன்றாக நின்றன. பூங்குழலி யாரையும் பார்க்காமல் நேராகப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து முதல்முறை. பிரபாகர் சுவரோரம் போய், அடுக்கி வைத்த அட்டைப்பெட்டிகளின் நிழலில் பாதி மறைந்து நின்றார். பழக்கதோஷம், கை தானாகப் போய்ச் சட்டைக் காலரைச் சரிசெய்தது.

முதலாளி போனை உயர்த்தினார். மணி நான்கு ஐம்பத்தெட்டு.

"கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க சாமி," என்றாள் மருதாள். "இன்னும் எத்தனை நேரம் அடியிலயே படுத்துக் கெடப்பீங்க."